நீ வரைந்த கதவும் அவர்கள் கழற்றிய கம்பியும்

என் பாசமுள்ள நைனாவுக்கு,

"இவ பேசினா பக்கத்துல போற எறும்புக்குக்கூட கேக்காது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே, அந்த மோனிஷாதான் எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னை நினைத்தால் அழுகைதான் வந்தது. இந்த வாரம் கோபம் வருகிறது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் உன்னிடம் கொண்டுவருகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் வீட்டுச் சேதி. நீ போன மறுமாதமே அம்மா உன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டேன். திட்டாதே. கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் நூர்ஜகான் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், அங்கே இருக்கிறேன். அக்காவுடையது பழவேற்காட்டில் வியாபாரம் செய்கிற குடும்பம். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் நான் தலையை மட்டும் ஆட்டுவேன். எனக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவார்.

அம்மா மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் உட்காருகிறாள். நீ கதவு மாட்டிய மெஷின் என்று கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புத் தகட்டை அடித்து வாஷர் செய்கிற மெஷின் அது. கையால் தகட்டை உள்ளே தள்ளிவிட்டுக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி அடிக்கும். கையை எடுப்பதற்குள் கால் மிதித்துவிட்டால் தகட்டோடு விரலும் போகும். சரளா அக்காவுக்கு இரண்டு விரல் அப்படித்தான் போனது. அன்றைக்கு நீ சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, செகண்ட் ஹாண்டில் வாங்கிய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாய். எட்டாவது படித்த ஃபிட்டர் நீ. வீடியோ பார்த்துப் பார்த்து டிராயிங் புரோகிராம் கற்றுக்கொண்டாய். கம்பி வலையில் ஒரு சின்னக் கதவு. பெடலை மிதித்தால் முதலில் கதவு இறங்கிக் கையை வெளியே தள்ளும். கதவு முழுதாக இறங்கிய பிறகுதான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். கதவையும் பெடலையும் சேர்க்க ஒரு கம்பி. அந்தக் கம்பி இருக்கிற வரைக்கும் விரலுக்குப் பயமில்லை. அதை நீயே செய்து, நீயே மாட்டினாய். அதற்கப்புறம் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டாய்.

இப்போது கேள். போன வாரம் கம்பெனியில் பாதுகாப்பு தினம் கொண்டாடினார்கள். எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். மூன்றாம் நம்பர் மெஷினுக்கு நேர் எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டினார்கள். உன் கதவின் படம். கீழே பெரிய எழுத்தில் "வடிவமைப்பு: கார்த்திக்" என்று போட்டிருக்கிறது. முதலாளியின் அக்கா மகன், ஆபீசில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான்.

அம்மா அதைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். நான் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறவள் நைனா. ஒரு தாளில் பெயர் இருக்கிற இடத்தில் வெள்ளைத் துண்டு ஒட்டி மறைத்து ஜெராக்ஸ் எடுத்தால், அந்தத் துண்டின் ஓரம் மெல்லிய கோடாக விழும். உன் படத்தின் வலது பக்கக் கீழ் மூலையில் அந்தக் கோடு இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே இருந்த உன் பெயரைத்தான் மறைத்திருக்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அதுதானே எனக்கு வழக்கம். மறுநாள் காலையில் கார்த்திக் சார் வந்து கம்பியைக் கழற்றிவிட்டார்.

அங்கே நடந்ததை அம்மா வீட்டுக்கு வந்து எனக்கு நடித்தே காட்டினாள்.

"இன்னா சார், கம்பியக் கழட்டிக்கினு போறீங்க?"

"கதவு எறங்கி ஏர்றதுக்குள்ள டைம் வேஸ்ட்டா போவுது. இது சும்மா எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கு. கதவ மேல தூக்கிக் கட்டிக்கினு அடிங்க."

"அது இல்லாம மெஷின ஓட்டவே கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கினே இருப்பாரு சார்."

"டிசைன் யாருது? போர்டுல யாரு பேரு கீது, போய்ப் பாரு. நான் போட்டது, நான் மாத்துறேன். உனக்கு இன்னா பேஜாரு?"

"போட்டது அவரு சார்."

"ஏழுமலையா? ஃபிட்டரும்மா அவரு. ஸ்பானர் புடிக்கிற ஆளு. டிராயிங் போட்டாருன்னா எங்க, காட்டு."

பார்த்தாயா? பெயரை எதற்கு எடுத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கதவு யாருடையதோ, கம்பியைக் கழற்றுகிற உரிமையும் அவருக்கு. சுவரில் தன் பெயரை மாட்டிக்கொண்டு, அம்மாவின் விரலைக் காத்த கம்பியைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்.

காட்டு என்றால் நாங்கள் எதைக் காட்டுவோம்? உன் டிராயிங் எல்லாம்தான் கெட்டுப்போய்விட்டதே. அப்படித்தான் எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தோம்.

அது எப்படிக் கெட்டது தெரியுமா? நீ போன அன்றைக்கு மணவாள நகரிலிருந்து மாமா வந்து இறங்கியதுமே, கண்ணீர் அஞ்சலி பேனருக்கு உன் போட்டோ வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தார். உன்னை எடுப்பதற்குள் பேனர் தெருமுனையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் மச்சானுக்கு ஒரு பேனர்கூட வைக்கவில்லை என்று ஊர் பேசுமாம். பிரிண்ட் போடுகிறவர் வேறு போன்மேல் போன். மாமா கண்ணில் பட்ட ஃபைலையெல்லாம் திறந்து பார்த்தார். உன் டிராயிங் ஒன்றைத் திறந்தால் கோடு கோடாக வந்தது. "இன்னாடா இது, மொகத்தையே காணோம்" என்று அதை மூடிவிட்டு, அதே ஃபைலில் ரைட் கிளிக் செய்தார். எந்தப் புரோகிராமில் திறக்க என்று ஒரு பட்டியல் வந்தது. போட்டோ பார்க்கிற புரோகிராமைத் தொட்டார். அடியில் "ஆல்வேஸ்", அதாவது எப்போதும் இதிலேயே திற, என்று இருந்ததையும் அழுத்தினார்.

அவ்வளவுதான். "திறக்க முடியவில்லை" என்று வந்தது. அதற்குப் பிறகு உன் டிராயிங் எதைத் தொட்டாலும் அதேதான். எல்லா ஃபைலின் மேலும் இருந்த குட்டிப் படம் மாறி, போட்டோவின் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. "மச்சான் வச்சிருந்தது பூரா கரப்ட் ஆயிப்போச்சு" என்று மாமா சொல்லிவிட்டார். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த உன் முறைக்கிற முகம்தான் பேனருக்குப் போனது.

நான் மாமாவின் தோளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் என்ன தெரியும் அப்போது? அந்த லேப்டாப்பில் பாட்டு கேட்டதைத் தவிர நான் எதைத் தொட்டேன்?

காரியம் முடிந்த பிறகு கார்த்திக் சார் மாமாவுக்குப் போன் செய்து, ஏழுமலை வீட்டில் ஏதாவது டிராயிங் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மாமா, "எல்லாம் போச்சு சார், ஒண்ணுகூட தொறக்கல" என்றிருக்கிறார். அவருக்குத் தைரியம் அங்கேதான் வந்திருக்க வேண்டும். மாமாவைத் திட்டலாம் என்றால், பாவம், அன்றைக்கு அந்த மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை கடையில் அக்கா ஒரே கூச்சல்.

"அடியே மோனி! இந்த பிடிஎப்பு எப்பப் பாத்தாலும் நெட்டுல போய்த் தொறக்குது. ஓரத்த வெட்டிக்கினு பிரிண்ட்டு வருது. இன்னாத்தப் பண்ணித் தொலச்ச?"

"நான் பண்ணல அக்கா. அப்டேட் ஆச்சு."

"அப்டேட்டு வந்தா கடைக்காரிய ஒரு வார்த்த கேக்க மாட்டானா? இன்னா, மாமியா வூடா இது, வந்து பாத்திரத்த இடம் மாத்தி வைக்க?"

நான் சரிசெய்தேன். ரைட் கிளிக், ஓப்பன் வித், நாங்கள் வழக்கமாகப் பிரிண்ட் எடுக்கிற புரோகிராம், ஆல்வேஸ். ஃபைலின் மேல் இருந்த குட்டிப் படம் பழையபடி சிவப்பாக மாறியது. மாறியதைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, ஒரு ஃபைலு கெட்டுப்போனா அதுமேல இருக்கிற படம் மாறுமா?"

"கெட்டுப்போனா எப்படிடீ மாறும்? மீனு கெட்டா நாறும். கோழியா மாறிடுமா?"

கடையிலிருந்து வீடு வரைக்கும் ஓடினேன். சோற்று நேரம், அம்மா வேலைக்குப் போயிருந்தாள். புடவை பீரோவின் அடித்தட்டில் இருந்த லேப்டாப்பை எடுத்து, சார்ஜ் போட்டு, உன் ஃபைலில் ரைட் கிளிக் செய்தேன். பட்டியலில் நீ வரைகிற புரோகிராம் மூன்றாவதாக இருந்தது. இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. அதைத் தொட்டு, இந்தமுறை நான் ஆல்வேஸ் அழுத்தினேன்.

ஒன்றும் கெடவில்லை நைனா. ஒரு கோடுகூடக் கெடவில்லை.

இரண்டு தாள் இருந்தன. முதல் தாளில் கதவு. அதுதான் சுவரில் தொங்குகிறது. இரண்டாவது தாளில் கம்பி. அதன் நீளம், கனம், எங்கே துளை, எல்லாம். ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தாய்: "இந்தக் கம்பியைக் கழற்றினால் கதவு வெறும் அலங்காரம். யார் சொன்னாலும் கழற்றாதே." மூலைக் கட்டத்தில் "வரைந்தது: ஏழுமலை, ஃபிட்டர்." அதற்குக் கீழே "சரிபார்த்தது" என்று இருந்த இடம் காலி. யாரிடம் காட்டினாய்? யாருக்கும் பார்க்க நேரம் இல்லையா?

உன்மேலும் கோபம்தான் என்று சொல்லிவிடுகிறேன். முதல் தாளை மட்டும் பிரிண்ட் எடுத்து ஆபீசில் கொடுத்திருக்கிறாய். கம்பியை நீயே செய்ததால் அதற்குத் தாள் எதற்கு என்று விட்டுவிட்டாயா? இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு, அம்மாவிடம்கூட "இதோ, இங்கே வைத்திருக்கிறேன்" என்று ஏன் சொல்லவில்லை? கூச்சமா? எனக்கு இருக்கிற வியாதி உன்னிடமிருந்துதான் வந்ததா?

லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா உடனே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். "உன் லேப்டாப்புல காட்டினா, நீயே குந்தி வரஞ்சதும்பான். முதல்ல அவன் கம்ப்யூட்டர்லயே போட்டுத் தொறக்கச் சொல்லு. எதுக்கும் இதையும் தூக்கிக்கினு போ. மசியலன்னா திங்கக்கெழம திருவள்ளூருக்குப் போயி கலெக்டர் ஆபீசுல மனு குடுத்துட்டு வருவோம். நாஷ்டா செலவு என்னுது."

மறுநாள் காலை அம்மாவோடு ஆபீசுக்குப் போனேன். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். கார்த்திக் சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சரளா அக்காவும் இன்னும் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். பென் டிரைவை நீட்டினேன்.

கார்த்திக் சார் சிரித்துக்கொண்டே வாங்கிச் சொருகினார். உன் ஃபைலை இரண்டு தட்டு தட்டினார்.

அது திறக்கவில்லை. திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்த ஃபைலை எந்தப் புரோகிராமில் திறக்க வேண்டும் என்று கேட்டது.

அவர் போட்டோ புரோகிராமைத் தொட்டார். வரவில்லை. இன்னொன்றைத் தொட்டார். பெட்டி பெட்டியாகக் குப்பை எழுத்து வந்தது. "கரப்ட் ஃபைலும்மா. நான்தான் சொன்னேனே" என்று முதலாளி பக்கம் திரும்பினார்.

எட்டு மாதமாக எங்களை ஏமாற்றிய அதே வார்த்தை. எனக்குள் என்னவோ அறுந்தது.

"கெடல சார்" என்றேன்.

"இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார் முதலாளி. "சத்தமா சொல்லும்மா."

"ஃபைலு கெடல சார். இந்தக் கம்ப்யூட்டர்ல டிராயிங் தொறக்கிற புரோகிராமே இல்ல. அதான் எதுல தொறக்கட்டும்னு அவரையே கேக்குது. ஒரு டிராயிங்காவது இதுல போட்டிருந்தா, அது கேக்காது சார்."

அப்புறம் அம்மா ஆரம்பித்தாள்.

"அப்போ எதுல சார் போட்டீங்க? சுவத்துலயா?"

வாசலில் சரளா அக்கா களுக்கென்று சிரித்துவிட்டார்.

"என் லேப்டாப்புல போட்டேன். அது வூட்டுல கீது" என்றார் கார்த்திக் சார்.

"எந்த லேப்டாப்புடா?" என்றார் முதலாளி. "லேப்டாப்பே இல்ல, வாங்கிக் குடு மாமான்னு போன மாசம்தானே என் உயிர எடுத்த?"

நான் உன் லேப்டாப்பைத் திறந்து மேசைமேல் வைத்தேன். இரண்டு தட்டு. கதவு வந்தது. அடுத்த தாள், கம்பி வந்தது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீ ஓரத்தில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். "யார் சொன்னாலும் கழற்றாதே" என்ற இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. சரளா அக்கா உள்ளே வந்து, மூன்று விரல் கையைத் திரைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.

"கம்பி எங்கடா?" என்று முதலாளி கேட்டார். ஸ்கிராப் தொட்டியில் கிடந்தது.

"அத மாட்டினாதான் மெஷின்ல குந்துவோம்" என்றாள் அம்மா. மற்ற நாலு பேரும் ஆமாம் என்றார்கள். மதியத்துக்குள் மாட்டிவிட்டார்கள். கார்த்திக் சார்தான் மாட்ட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். எந்தத் துளையில் எது போகும் என்று தெரியாமல் அவர் திணறினார். நான் உன் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மாட்டினார்.

இதோடு கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதே. அந்தப் போர்டு இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அம்மா கேட்டதற்கு முதலாளி, "பேருதானேம்மா. போனவரு வந்து பாக்கப் போறாரா?" என்றார். அந்த மனிதரைக் கொஞ்சம் நல்லவர் என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். போனவர் வந்து பார்க்க மாட்டார்தான். நாளைக்கு வேறொருவர் கம்பியில் கை வைத்துக்கொண்டு "போர்டைப் பார்" என்பாரே, அப்போது அந்தப் பெயரைப் பார்க்கப்போவது மெஷினில் உட்காருகிறவர்கள்தானே? நூர்ஜகான் அக்காவும் நானும் மனு எழுதிவிட்டோம். இரண்டு தாளையும் அதோடு இணைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை திருவள்ளூருக்குப் போகிறோம்.

இன்னொன்று. கம்பெனியில் ஐந்து பிரஸ் இருக்கிறது, கதவு இருப்பது ஒன்றில்தான். மற்ற நாலுக்கும் அளவு வேறு என்று முதலாளியே சொல்கிறார். யார் வரைவது என்று அவர் கேட்டபோது கார்த்திக் சார் ஜன்னலைப் பார்த்தார்.

நான் உன் புரோகிராமைத் தினமும் திறந்து பார்க்கிறேன். முதல் நாள் ஒரு கோட்டை நகர்த்தக் கற்றுக்கொண்டேன். நேற்று நீ போட்ட கதவை இரண்டு விரற்கடை அகலமாக்கினேன். கம்பியின் துளைகள் தப்பான இடத்துக்குப் போய்விட்டன. இன்றைக்குச் சரியாக வந்தது. இரண்டாம் நம்பர் மெஷினை அளந்துகொண்டு வர அம்மாவிடம் டேப் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பெயர் இல்லாமல் ஒரு தாளும் அந்த ஆபீசுக்குப் போகாது. இரண்டு தாளும் சேர்ந்துதான் போகும்.

இரண்டாம் நம்பரில் உட்காருகிறவள் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள், நைனா. புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். பெயர்கூட இன்னும் கேட்கவில்லை. அவளுக்குப் பத்து விரலும் இருக்கிறது. அப்படியே இருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கோபக்கார மகள்,
ஏழுமலை மோனிஷா